20 தலை எம்பிராய்டரி மெஷினுக்கு பிளாப்பி எங்கே கிடைக்கும்? (சேவ் ஐகான் ஜோக் வேண்டாம்)

ஊசிமுனை, திருப்பூர் | 8 ஜனவரி 2025, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். சின்னதாக ஒரு எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கிறேன். ஜாப் ஒர்க்தான். இரண்டு மெஷின். ஒன்று புதிது, பென் டிரைவ் போடலாம், அதில் பிரச்சனை இல்லை. இன்னொன்று 20 தலை, 9 ஊசி, ஜப்பான் மெஷின், 90களில் செய்தது. 2006-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். இன்று வரை சோறு போடுவது அதுதான்.

அதற்கு டிசைன் ஏற்ற பிளாப்பி (பழைய கம்ப்யூட்டர்களின் காந்தத் தட்டு) ஒன்றுதான் வழி. பஞ்சிங் செய்பவர், அதாவது டிசைன் போடுபவர், வாட்ஸ்அப்பில் டிஎஸ்டி என்ற தையல் கோப்பு அனுப்புவார். அதைப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் இறக்கி, பிளாப்பியில் போட்டு, மெஷினுக்கு நடந்து போய்ச் செருகி, மெஷின் நினைவில் ஏற்ற வேண்டும். ஒரு முறை ஏறிவிட்டால் அப்புறம் பிளாப்பி வேண்டாம்.

பழைய பிளாப்பிகளில் இப்போது கையில் இருப்பது நான்கே நான்கு. அதிலும் ஒன்று டிசைன் முக்கால்வாசி ஏறியதும் எரர் காட்டுகிறது. போன மாதம் ஆன்லைனில் 'புதியது' என்று ஒரு பெட்டி வாங்கினேன். பத்தில் ஆறு பார்மட்டே ஆகவில்லை. பொங்கலுக்குள் ஒரு சுடிதார் ஆர்டர் முடித்துக் கொடுக்க வேண்டும். நல்ல பிளாப்பி எங்கே கிடைக்கும்? தமிழ்நாட்டுக்குள் யாரிடமாவது இருந்தால் கூரியர் செலவு என்னுடையது.

சிஎஸ்இ_பையன் | 8 ஜனவரி, இரவு 11:15

அண்ணா, தப்பாக நினைக்க வேண்டாம். நான் பிறந்தபோதே பிளாப்பி போய்விட்டது. 1.44 எம்பிக்காக ஒரு தொழிலையே தொங்கவிடுவது ரிஸ்க் இல்லையா? மெஷினை விற்றுவிட்டுப் புதிது வாங்குவதுதானே நிரந்தரத் தீர்வு?

ஊசிமுனை | 8 ஜனவரி, இரவு 11:32

தம்பி, 20 தலை புது மெஷின் விலையை ஒரு முறை விசாரித்துவிட்டு வாங்க. வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று பாங்க்காரர் கேட்பார்.

அப்புறம், 1.44 எம்பி எனக்குக் குறைவே இல்லை. டிஎஸ்டியில் ஒரு தையலுக்கு 3 பைட். கோப்பின் தலைப்புப் பகுதிக்கு 512 பைட். 48,000 தையல் உள்ள ஒரு முதுகு டிசைன் 141 கேபிதான் வரும். அதை நிமிடத்துக்கு 700 தையல் வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, நூல் அறுவதைச் சேர்க்காமல். எனக்கு வேண்டியது ஒரு தட்டில் ஐந்து டிசைன். அதற்கு மேல் கொடுத்தாலும் என்ன செய்வேன்?

கோவைலேத் | 9 ஜனவரி, காலை 7:05

சிஎஸ்இ தம்பிக்கு: கோவையில் சிஎன்சி (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும்) மெஷின்கள் பராமரிக்கிற வேலை எனக்கு, 24 வருடமாக. ஒரு மெஷினின் இரும்புக்கு ஒரு வயசு, அதன் எலக்ட்ரானிக்ஸுக்கு ஒரு வயசு, அதற்குள் தகவல் போகிற வழிக்கு ஒரு வயசு. மூன்றும் ஒன்றாகச் சாகாது. நல்ல இரும்பு 40 வருடம் ஓடும். பிளாப்பிக்கு முன்னால் இதே மெஷின்களுக்குக் காகித நாடாவில் எட்டு ஓட்டை போட்டுத்தான் புரோகிராம் கொடுத்தார்கள். எம்பிராய்டரியிலும் அப்படித்தான். டிசைன் போடுவதை இன்னமும் 'பஞ்சிங்' என்கிறார்களே, அந்தப் பெயர் ஓட்டை போட்ட காலத்தில் வந்தது. நாடா போயிற்று, மெஷின் போகவில்லை. பிளாப்பி போயிற்று, அப்போதும் போகவில்லை.

ஊசிமுனை அண்ணே, மெஷின் பின்னால் சீரியல் போர்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கேபிள் வழியாகவே அனுப்ப முடியலாம்.

ஊசிமுனை | 9 ஜனவரி, காலை 9:20

இருந்தது. 2011-இல் இடி விழுந்த மறுநாளிலிருந்து அது வெறும் ஓட்டைதான்.

பழையரிப்பன், சென்னை | 9 ஜனவரி, மதியம் 1:48

ரிச்சி தெருவில் சர்வீஸ் கடை. பழைய டிரைவ் வேலை இன்னமும் மாதம் நாலைந்து வருகிறது. சில கேள்விகள்:

உங்கள் டிரைவின் மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்து எவ்வளவு நாள் ஆயிற்று? எம்பிராய்டரி யூனிட் என்றால் பஞ்சும் நூல் தூசியும் பறக்கும். பேனலுக்குள் இருக்கிற மின்விசிறி அந்தக் காற்றை பிளாப்பி வாய் வழியாகத்தான் உள்ளே இழுக்கும். போன வருடம் ஒரு டிரைவைத் திறந்தேன், தட்டைப் படிக்கும் ஹெட்டைச் சுற்றிக் குருவிக்கூடு மாதிரி பஞ்சு. ஹார்ட் டிஸ்க்கில் ஹெட் காற்றில் மிதக்கும், பிளாப்பியில் தட்டைத் தொட்டுக்கொண்டே ஓடும். நிமிடத்துக்கு 300 சுற்று. இடையில் தூசி வந்தால் அது உப்புக் காகிதம்தான். உங்கள் ஆறு தட்டும் பழுதா, அல்லது டிரைவ் அவற்றைப் பழுதாக்கியதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பட்ஸில் நனைத்து ஹெட்டை மெதுவாகத் துடையுங்கள். மேல் ஹெட்டைத் தூக்கி வளைத்துவிடாதீர்கள், அதோடு கதை முடிந்தது.

இன்னொன்று. அது எந்த பார்மட்? 720 கேபியா, 1.44 எம்பியா? ஜப்பான் மெஷின் என்பதால் கேட்கிறேன். அவர்களிடம் 1.25 எம்பி என்று தனி ரகமும் உண்டு. 77 டிராக் (தட்டில் எழுதும் வட்டத் தடம்), டிராக்குக்கு 8 செக்டர் (தடத்தின் துண்டு), செக்டருக்கு 1024 பைட். நம் ஊர் பிசி அதைப் பார்த்தால் முழிக்கும்.

ஊசிமுனை | 9 ஜனவரி, மாலை 6:10

பார்மட் எல்லாம் தெரியாதுங்க. பிளாப்பியை மெஷினிலேயே பார்மட் செய்வேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், உதவுமா பாருங்கள். பிளாப்பி மூலையில் இரண்டு ஓட்டை இருக்கும் இல்லையா, ஒன்று தாழ்ப்பாள் போட்டது, ஒன்று சும்மா. அந்தச் சும்மா ஓட்டையில் கறுப்பு டேப் ஒட்டித்தான் போட வேண்டும் என்று மெஷின் கொடுத்தவர் சொன்னார். ஏன் என்று கேட்டதில்லை. பத்தொன்பது வருடமாக ஒட்டுகிறேன்.

பழையரிப்பன் | 9 ஜனவரி, மாலை 6:31

அடடா, இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் பாதி கதை முடிந்திருக்கும்!

அந்த ஓட்டைதான் 'நான் எச்டி (அதிக அடர்த்தி, 1.44 எம்பி) தட்டு' என்று டிரைவுக்குச் சொல்லும் அடையாளம். டேப் ஒட்டினால் டிரைவ் அதை டிடி (இரட்டை அடர்த்தி) என்று நம்பும். அப்படியென்றால் உங்கள் மெஷினுக்கு வேண்டியது 720 கேபி. 80 டிராக், 2 பக்கம், 9 செக்டர், 512 பைட். பெருக்கினால் 7,37,280 பைட். எச்டியில் 18 செக்டர், அதனால் இரட்டிப்பு.

பிரச்சனை என்னவென்றால் எச்டி தட்டின் காந்தப் பூச்சு வேறு. டிடி அளவுக்கு எழுதும் மின்னோட்டம் அதற்குச் சரியாகப் பொருந்தாது. எழுதும், படிக்கும், கொஞ்ச நாள் நிற்கும், அப்புறம் மறக்கும். ஏற்கெனவே 1.44-ஆக பார்மட் ஆகி வந்த தட்டு என்றால் பழைய தடமும் அடியில் கிடந்து இடைஞ்சல் கொடுக்கும். உங்கள் ஆறு தட்டு தோற்றதில் இதற்கும் பங்கு இருக்கும். அசல் டிடி தட்டு இன்று எச்டியைவிட அபூர்வம்.

என் யோசனை: தட்டு தேடுவதை விடுங்கள். பிளாப்பி எமுலேட்டர் போடுங்கள். கோடெக் என்று கிடைக்கும். டிரைவ் அளவிலேயே இருக்கும், அதே 34 பின் கேபிள், முன்னால் பென் டிரைவ் ஓட்டை. மெஷினுக்குத் தன் முன்னால் இருப்பது பிளாப்பி இல்லை என்பதே தெரியாது.

மெல்லிசை_மதுரை | 9 ஜனவரி, இரவு 9:55

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் குழுவில் ரோலண்ட் எக்ஸ்பி-80 வைத்திருக்கிறேன், 90களின் கீபோர்டு. பாட்டு வரிசை, நான் செதுக்கி வைத்த நாதஸ்வர டோன் எல்லாம் பிளாப்பியில்தான். அதே எமுலேட்டரை எனக்கும் நிறையப் பேர் சொன்னார்கள். ஆனால் சீசன் நடுவில் கீபோர்டைத் திறக்கப் பயம். திருவிழாக் கச்சேரியில் மேடை ஏறின பிறகு ஏதாவது கோளாறு என்றால் கீழே இருந்து வருவது பூமாலையாக இருக்காது.

யாரிடமாவது எச்டி பிளாப்பி இருந்தால் எனக்கும் பத்து வேண்டும். என் கீபோர்டுக்கு டேப் ஒட்டத் தேவையில்லை.

சிஎஸ்இ_பையன் | 9 ஜனவரி, இரவு 10:20

சரி, ஒப்புக்கொள்கிறேன், எனக்குத் தெரியாத உலகம் இது. ஆனால் கேட்கிறேன்: இவ்வளவு பேருக்குத் தேவை என்றால் யாராவது தயாரித்து விற்கலாமே? ஏன் நின்றுபோனது?

கோவைலேத் | 10 ஜனவரி, காலை 6:50

கேள்வி நல்ல கேள்வி. பிளாப்பி செய்வது லேசான வேலை இல்லை தம்பி. பிளாஸ்டிக் படலத்தில் சீரான காந்தப் பூச்சு, உள்ளே துடைக்கும் துணி, ஸ்பிரிங் போட்ட தகட்டு ஷட்டர், நடுவில் உலோக மையம், ஒவ்வொன்றையும் சோதிக்கும் வரிசை. கோடிக்கணக்கில் ஓடினால்தான் அந்த ஆலைக்குக் கட்டுப்படியாகும். ஆயிரக்கணக்கில் கேட்பவர்களுக்காக யாரும் அதைத் திரும்ப ஓட்ட மாட்டார்கள்.

சரிவு படிப்படியாக வந்தது. 1998-இல் ஆப்பிள் ஐமேக்கில் பிளாப்பி டிரைவே இல்லாமல் விட்டார்கள், ஊரே சிரித்தது. 2003-இல் டெல் தன் மேசைக் கம்ப்யூட்டர்களில் அதை வழக்கமான பாகமாக வைப்பதை நிறுத்தியது. 3.5 அங்குலத் தட்டைப் பிறப்பித்த சோனியே 2011 மார்ச்சோடு ஜப்பானில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. இப்போது சந்தையில் புதிது என்று வருவதெல்லாம் கிடங்கில் கிடந்த பழைய சரக்கு. கலிபோர்னியாவில் டாம் பெர்ஸ்கி என்பவர் பிளாப்பி விற்பதையே தொழிலாக வைத்திருக்கிறார். அவர் வாடிக்கையாளர்களில் நம் ஊசிமுனை அண்ணன் மாதிரி எம்பிராய்டரிக்காரர்களும் உண்டு.

கணக்கர்_கும்பகோணம் | 10 ஜனவரி, காலை 11:12

ஐமேக் பார்த்து ஊர் சிரித்ததாகச் சொல்கிறீர்கள். நம் ஊரில் அதற்கு அப்புறம்தான் பிளாப்பிக்கு ராஜயோகமே. 2003-க்குப் பிறகு டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி) கணக்கை மின்வடிவில் கொடுக்கச் சொன்னார்கள். கோப்பை பிளாப்பியிலோ சிடியிலோ போட்டு, கையெழுத்திட்ட 27ஏ படிவத்தைச் சேர்த்துக் கொண்டுபோய் நேரில் கொடுப்போம். கடைசி நாள் வரிசையில் நின்று, கவுன்டரில் 'சார், பிளாப்பி ஓப்பன் ஆகலை' என்று திருப்பிக் கொடுத்தால் வயிறு கலங்கும். அதனால் எப்போதும் ஒரே கோப்பை இரண்டு பிளாப்பியில் எடுத்துப்போவேன். சட்டைப் பையில் ஒன்று, பையில் ஒன்று. என்னைப் பார்த்துப் பக்கத்து ஆடிட்டர் குமாஸ்தா மூன்று கொண்டுவர ஆரம்பித்தார்.

சிஎஸ்இ_பையன் | 10 ஜனவரி, மதியம் 12:40

தேடிப் பார்த்தேன். தலை சுற்றுகிறது. போயிங் 747-400 விமானத்தின் வழித்தடத் தரவை 28 நாளுக்கு ஒரு முறை 3.5 அங்குல பிளாப்பியில் புதுப்பித்திருக்கிறார்கள். சான்பிரான்சிஸ்கோ ரயிலின் கட்டுப்பாட்டு மென்பொருளை இன்னமும் 5.25 அங்குலத் தட்டிலிருந்துதான் ஏற்றுகிறார்கள், 1998-இலிருந்து. அமெரிக்க அணு ஆயுதப் படையின் தகவல் தொடர்பு அமைப்பில் 8 அங்குலத் தட்டு இருப்பதாக 2016-இல் அவர்களுடைய தணிக்கை அறிக்கையே சொன்னது. 2019-இல்தான் மாற்றினார்கள். நான் முதலில் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன் அண்ணா.

கோவைலேத் | 10 ஜனவரி, மதியம் 1:05

சான்பிரான்சிஸ்கோ கதையின் மறுபாதியையும் படியுங்கள். அதை மாற்ற 2024 அக்டோபரில் 21.2 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பிளாப்பியின் விலை அதில் ஒரு தூசு. தட்டுக்குப் பின்னால் இருக்கிற மொத்த அமைப்பையும் மாற்ற வேண்டும், அதுவும் ரயிலை நிறுத்தாமல். 'பிளாப்பிதானே, தூக்கிப் போடு' என்பவர்கள் கவனிக்காத இடம் இது. ஜப்பானில் கோனோ டாரோ அமைச்சராக இருந்து 2022-இல் பிளாப்பி மேல் போரே அறிவித்தார். அரசுப் படிவங்களை பிளாப்பியில் கொடு என்று சொன்ன விதிகளே ஆயிரத்துக்கு மேல். 2024-இல்தான் ஜெயித்துவிட்டோம் என்றார். அவருக்கு எதிரி தட்டு இல்லை, தாளில் இருந்த விதி.

பக்க_அமைப்பாளர், திருவல்லிக்கேணி | 10 ஜனவரி, மாலை 5:30

நெகிழ்வட்டு என்று தமிழில் எழுதிப் பழகியவன் நான். (3.5 அங்குலத்தில் நெகிழ்வது உள்ளே இருப்பது மட்டும்தான். வெளியே கெட்டி ஓடு. அதனால் பெயர் தப்பு என்று சண்டைக்கு வர வேண்டாம்.)

என் சிக்கல் வேறு. 1994 முதல் 2005 வரை டிடிபி கடை நடத்தினேன். சுமார் 200 வட்டுகள் இரண்டு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. கவிதைத் தொகுப்பு, கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை, வெளிவராமலே போன ஒரு நாவல். அதன் ஆசிரியர் இப்போது இல்லை. அவர் மகள் கேட்கிறார். யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கிப் போட்டேன். முதல் வட்டு படித்தது. இரண்டாவது கீச் என்று சத்தம். மூன்றாவது முதல் எதுவுமே படிக்கவில்லை. முதல் வட்டையும் திரும்பப் போட்டேன், அதுவும் இப்போது படிக்கவில்லை.

பழையரிப்பன் | 10 ஜனவரி, மாலை 5:41

ஐயா, தயவுசெய்து நிறுத்துங்கள்! இனி ஒரு வட்டுகூடப் போடாதீர்கள்.

அந்தக் கீச் சத்தம் பூஞ்சை. திருவல்லிக்கேணி என்றால் கடல் காற்று, ஈரம். ஷட்டரை விரலால் தள்ளி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேற்பரப்பில் வெள்ளையாகப் புள்ளியோ பூவோ தெரியும். இரண்டாவது வட்டின் பூஞ்சை ஹெட்டில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு போட்ட ஒவ்வொன்றையும் அந்த ஹெட் சுரண்டியிருக்கிறது. முதல் வட்டையும் சேர்த்து.

வட்டுகளை என்னிடம் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றாகத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஹெட்டையும் துடைத்துத்தான் படிக்க வேண்டும். யூஎஸ்பி டிரைவ் இதற்கு ஆகாது. அது ஒரு செக்டர் வரவில்லை என்றால் கையை விரித்துவிடும். சாதாரண டிரைவோடு கிரீஸ்வீசில் என்ற சின்ன போர்டைச் சேர்த்தால், தட்டின் காந்த மாற்றங்களையே நேராகப் பதிவு செய்யலாம். ஒரே டிராக்கைப் பல சுற்று படித்து, எந்தச் சுற்றில் எந்தச் செக்டர் நன்றாக வந்ததோ அதை எடுத்துக் கோக்கலாம். எல்லாம் வரும் என்று சொல்ல மாட்டேன். சுரண்டிப் போன பூச்சு திரும்பாது.

ஊசிமுனை | 18 ஜனவரி, இரவு 8:25

பொங்கல் ஆர்டரை இருந்த தட்டுகளை வைத்தே இழுத்து முடித்தேன். டிரைவைத் திறந்தேன், பழையரிப்பன் அண்ணன் சொன்ன குருவிக்கூடு அங்கேயும் இருந்தது. முட்டை ஒன்றுதான் பாக்கி.

கோடெக் வந்துவிட்டது. யூடியூபில் ஒருவர் சொன்னபடி பிளாஷ்பிளாப்பி மென்பொருளை ஏற்றி, அவர் கொடுத்த அமைப்புக் கோப்பையே பென் டிரைவில் போட்டேன். மாட்டினேன். டிஸ்ப்ளேயில் 000 வருகிறது. மெஷின் மட்டும் 'டிஸ்க் இல்லை' என்கிறது. பழைய டிரைவை மாட்டினால் ஓடுகிறது.

பழையரிப்பன் | 18 ஜனவரி, இரவு 8:52

இரண்டு சந்தேகம். முதலில் சுலபமானது. மெஷின் கேபிளில் நடுவில் சில கம்பிகள் மட்டும் முறுக்கித் திரும்பியிருக்கிறதா, நேராகப் போகிறதா? பழைய டிரைவின் பக்கவாட்டில் குட்டி சுவிட்ச் இருந்தால் அது 0-வில் இருக்கிறதா 1-இலா?

ஊசிமுனை | 18 ஜனவரி, இரவு 9:10

கேபிள் நேர். சுவிட்ச் 0-வில்.

பழையரிப்பன் | 18 ஜனவரி, இரவு 9:18

அப்படியானால் கோடெக்கில் ஜம்பரை (பின்களை இணைக்கும் குட்டி மூடி) எஸ்1-இலிருந்து எஸ்0-வுக்கு மாற்றுங்கள். பிசிக்குத்தான் முறுக்குக் கேபிளும் எஸ்1-உம். உங்கள் மெஷின் முதல் டிரைவைக் கூப்பிடுகிறது, இவர் 'நான் இரண்டாவது' என்று வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

ஊசிமுனை | 19 ஜனவரி, காலை 10:05

மாற்றினேன். இப்போது கோடெக்கில் விளக்கு மினுக்குகிறது, டிராக் எண்ணும் ஓடுகிறது. ஆனால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெஷின் 'டிரைவ் நாட் ரெடி' என்கிறது. முன்னேற்றம்தானே?

பழையரிப்பன் | 19 ஜனவரி, காலை 10:30

பெரிய முன்னேற்றம். இனி வருவது 34-ஆம் பின். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

பிசியில் 34-ஆம் பின் 'தட்டு மாற்றப்பட்டது' என்று சொல்லும். பழைய ஷுகார்ட் முறையில் அதே பின் 'நான் தயார்' என்று சொல்லும். ஆலன் ஷுகார்ட் தொடங்கிய கம்பெனி 1976-இல் 5.25 அங்குல டிரைவ் கொண்டுவந்தபோது வகுத்த 34 பின் ஏற்பாட்டின் வாரிசுதான் இன்றைக்கும் இருப்பது. ஐபிஎம் பிசி அதில் கொஞ்சம் திருத்திக்கொண்டது. தொழிற்சாலை மெஷின்கள், கீபோர்டுகள் பலவும் திருத்தாமலே போய்விட்டன. உங்கள் மெஷின் 34-இல் 'தயார்' என்ற சொல்லுக்குக் காத்திருக்கிறது. யூடியூப்காரர் பிசிக்கான அமைப்பைக் கொடுத்திருக்கிறார். பென் டிரைவில் இருக்கிற அமைப்புக் கோப்பைத் திறந்து, இன்டர்பேஸ் என்ற வரியில் ஐபிஎம்பிசி என்று இருப்பதை ஷுகார்ட் என்று மாற்றுங்கள். பென் டிரைவில் பிளாப்பியின் நகலாக இருக்கிற இமேஜ் கோப்பும் 720 கேபி அளவில் இருக்கட்டும், 1.44 போட்டுவிடாதீர்கள்.

ஊசிமுனை | 19 ஜனவரி, மதியம் 12:15

ஏறிவிட்டது!!! 48,000 தையலும் ஏறிவிட்டது. எரர் இல்லை. முன்பு டக் டக் என்று முனகிக்கொண்டே ஏறும். இப்போது சத்தமே இல்லை. ஆபரேட்டர் ஓடவில்லை என்று நினைத்து இரண்டு முறை நிறுத்திவிட்டார்.

பழையரிப்பன் அண்ணே, அடுத்த முறை சென்னை வரும்போது நேரில் பார்க்கிறேன்.

யாழ்_தட்டச்சு, யாழ்ப்பாணம் | 21 ஜனவரி, இரவு 7:40

பக்க அமைப்பாளர் ஐயா, உங்கள் பிளொப்பி விசயம் என்ன ஆனது? அந்த நாவல் வந்ததா?

பக்க_அமைப்பாளர் | 22 ஜனவரி, காலை 8:15

விசாரித்ததற்கு நன்றி அம்மா. 200-இல் இதுவரை 61 வட்டு பார்த்திருக்கிறோம், 44 முழுதாக வந்தது. நாவல் மூன்று வட்டில் இருந்தது. இரண்டு நன்றாக வந்துவிட்டன. மூன்றாவதில் ஒரு பகுதி போய்விட்டது.

ஆனால் திறந்தால் தமிழே இல்லை! சில கோப்புகளில் ஐரோப்பிய எழுத்து மேல் கொம்பும் கோடும் போட்ட மாதிரி வருகிறது. அவை டேப் (TAB), டேம் (TAM) என்ற தமிழ்க் குறியேற்றங்களின் காலத்தவை என்று கண்டுபிடித்தேன். 1999 தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் அரசு அறிவித்த குறியேற்றங்கள்தானே, மாற்றி மென்பொருள் மூலம் ஒருங்குறிக்கு (யூனிகோட்) வந்துவிட்டன. நாவல் மட்டும் வெறும் ஆங்கில எழுத்தாக வருகிறது. 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று கிடக்கிறது.

யாழ்_தட்டச்சு | 22 ஜனவரி, காலை 9:02

ஐயா, அது பாமினி! எங்கள் பக்கம் அந்த எழுத்துருவில்தான் எல்லாம் அடித்தோம். தட்டச்சுப் பலகையில் எம் விசையில் அ, கே விசையில் ம, அரைப்புள்ளியில் குற்று (மெய்யின் புள்ளி), ஹெச் விசையில் அரவு (கால்). அம்மா சரியாகத்தான் இருக்கிறாள். தமிழ்த் தட்டச்சு 'யளனக' அடித்துப் பழகிய எவருக்கும் விரல் வாசித்துவிடும். எனக்குத் திரையைப் பார்த்தாலே ஓடுகிறது. என்எச்எம் மாற்றியில் பாமினி என்று தெரிவு செய்து போடுங்கள், வந்துவிடும்.

அந்தப் பழுதான வட்டில் வந்த துண்டுகளை மாற்றாமல் அப்படியே எனக்கு அனுப்புங்கள். ஓர் எழுத்து தவறினால் மாற்றி குழம்பும், நான் குழம்ப மாட்டேன்.

பக்க_அமைப்பாளர் | 22 ஜனவரி, காலை 9:30

அனுப்பிவிட்டேன். ஆசிரியர் கொழும்பிலிருந்து வந்தவர். அதனால்தான் பாமினி. எனக்கு இது தோன்றவே இல்லை.

ஊசிமுனை | 2 பிப்ரவரி, இரவு 9:45

ஒரு புகார். எமுலேட்டரைப் பற்றி, யாரைப் பற்றியும் இல்லை.

முன்பு ஒவ்வொரு பிளாப்பியிலும் ஸ்டிக்கர் இருக்கும். பார்ட்டி பெயர், டிசைன், ஊசி வரிசை, எல்லாம் பேனாவால் எழுதியிருப்போம். ஆபரேட்டர் அடுக்கிலிருந்து எடுத்தாலே எது என்று கைக்குத் தெரியும். இப்போது கோடெக்கில் வெறும் எண்தான்: 000, 001, 002. நேற்று ராத்திரி ஷிப்டில் 017-க்குப் பதில் 011 ஓட்டிவிட்டார்கள். மயில் போட வேண்டிய 40 துணியில் மாங்காய். பார்ட்டியிடம் மாங்காய்தான் இப்போது பேஷன் என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை.

சிஎஸ்இ_பையன் | 2 பிப்ரவரி, இரவு 10:10

அண்ணா, இதற்கு நான் ஏதாவது செய்யட்டுமா? டிஎஸ்டி கோப்பைப் படித்துத் தையல் பாதையை வரைவது கஷ்டம் இல்லை. பென் டிரைவில் இருக்கிற எல்லா எண்ணுக்கும் பக்கத்தில் டிசைன் படம், தையல் எண்ணிக்கை, எத்தனை கலர் மாற்றம் என்று ஒரு ஏ4 தாளில் அச்சாகும்படி சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதித் தருகிறேன். இரண்டு மாதிரிக் கோப்பு அனுப்புங்கள்.

ஊசிமுனை | 6 பிப்ரவரி, இரவு 8:30

தாள் மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டியாயிற்று. ஆபரேட்டர் அக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மயிலுக்குப் பக்கத்தில் பேனாவால் 'மாங்காய் இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறார். தம்பி, திருப்பூர் வந்தால் உனக்கு ஒரு டிசைன் சட்டை என் கணக்கு.

மெல்லிசை சார், என்னிடம் மிச்சம் இருக்கிற பிளாப்பிகளில் கறுப்பு டேப்பைப் பிய்த்துவிட்டு அனுப்பட்டுமா? நாலோடு, அந்த ஆன்லைன் பெட்டியில் தேறியது நாலு. எட்டு வரும்.

பழையரிப்பன் | 6 பிப்ரவரி, இரவு 8:44

டேப் பிய்த்தால் மட்டும் போதாது, பசை ஓட்டையில் இருந்தால் டிரைவுக்குள் ஒட்டும். ஆல்கஹாலால் துடையுங்கள். மெல்லிசை சார், கீபோர்டில் போட்டதும் முதலில் பார்மட் செய்யுங்கள், அதில் தேறாததைக் கச்சேரிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மெல்லிசை_மதுரை | 13 பிப்ரவரி, மாலை 4:20

எட்டும் வந்து சேர்ந்தது, மிக்க நன்றி. ஐந்து ஒழுங்காக பார்மட் ஆயிற்று. இரண்டு ஆகவில்லை. ஒன்றை மட்டும் இன்னும் தொடவில்லை. அதன் ஸ்டிக்கரில் '2009, பட்டாம்பூச்சி, 2 கலர், பாக்கி உள்ளது' என்று எழுதியிருக்கிறது. அழிக்கலாமா?

ஊசிமுனை | 13 பிப்ரவரி, மாலை 4:26

அதை மட்டும் அழிக்காதீர்கள். அந்தப் பாக்கி இன்னும் வரவில்லை.